தொண்டைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்து ‘ஸ்லீப் அப்னியா இருக்கலாம்’ என்கிறார்கள். நம்பலாமா?

அமராவதிக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. அரசுப் பேருந்தில் 29 வருஷம் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்கால் தேய்ந்துபோய் மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார். போன வாரம் மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் காலை 7 மணிக்குத் தியேட்டர். முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், அண்ணாந்து பார்க்கச் சொன்னார். “குறட்டை விடுவாரா?” என்று கேட்டார். அம்மா சிரித்தே விட்டாள். பத்து வருஷமாக அம்மா படுப்பது அடுக்களையை ஒட்டின அறையில்தான். அங்கேயும் சத்தம் கேட்கும் என்பது வேறு விஷயம்.

அப்புறம்தான் டாக்டர் கோட்டுப் பையிலிருந்து ஷேவிங் மெஷின் மாதிரி ஒன்றை எடுத்தார். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் டேப்லெட். அப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்துத் தாடைக்குக் கீழே ஜெல்லைத் தடவி அதை அழுத்தினார். சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. அப்பா எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது மேலே பொங்கி அடங்கியது. அதுதான் நாக்கு என்றார். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். வராந்தாவில் ‘பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது’ என்கிற போர்டு இருந்ததால் அப்பா, “எனக்காவது சொல்வீங்களா சார்?” என்று கேட்டுவிட்டார். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் முடிவில் சொன்னது சிரிக்கிற மாதிரி இல்லை. நாக்கின் அடிப்பக்கம் தடித்திருக்கிறது, தொண்டையின் பக்கச் சுவரும் தடிப்பு, ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது) இருக்க வாய்ப்பு அதிகம், தூங்கும்போது எடுக்கிற டெஸ்டைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை ஆபரேஷன் வேண்டாம். மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இப்போது வீட்டில் தினமும் பஞ்சாயத்து. “வயித்துக்கு எடுக்கிற ஸ்கேனைத் தொண்டைக்கு எடுத்துக் காசு பார்க்கிறானுக” என்று சித்தப்பா குதிக்கிறார். (ஸ்கேனுக்கென்று பில்லில் தனியாக எதுவும் போடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.) எனக்குத் தெரிய வேண்டியது: நிஜமாகவே அல்ட்ராசவுண்டில் இது தெரியுமா? தெரியும் என்றால் அதுவே போதாதா, எதற்கு இன்னொரு டெஸ்ட்? கடைசியாக ஒன்று. சிங்கப்பூரில் இருக்கும் மாமா பையன், போனில் மாட்டுகிற ஸ்கேன் கருவி அங்கே கிடைக்கிறது, வாங்கி வரட்டுமா என்கிறான். வீட்டிலேயே அப்பா தூங்கும்போது வைத்துப் பார்க்க முடியுமா?

மயக்கமருந்துக்காரன்:

நானும் அந்த வேலைதான், மதுரைப் பக்கம். உங்கள் அப்பாவைப் பார்த்தவர் எனக்குத் தெரிந்தவர் இல்லை. அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் சித்தப்பாவுக்கு. அந்தக் கருவி எங்கள் பையில் கிடப்பது தொண்டைக்காக இல்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும் வலி தெரியாமல் இருக்கத் தொடையில் நரம்புக்குப் பக்கத்தில் ஊசி போடுவோம், அந்த நரம்பைத் தேட அது வேண்டும். கையில்தான் இருக்கிறதே என்று தாடைக்குக் கீழேயும் வைத்துப் பார்க்கிற பழக்கம் எங்களில் பலருக்கு வந்துவிட்டது.

என்ன தெரியும்? தாடை நுனிக்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவில், மெத்தென்று அமுங்குகிற இடத்தில் புரோபை, அதாவது நீங்கள் சொன்ன அந்த ஷேவிங் மெஷின் மாதிரிக் கருவியை, வைத்தால் முதலில் தோல், அடுத்து தசை, அதற்கு மேல் நாக்கு முழுவதும். நாக்கின் மேல் விளிம்பு பளிச்சென்று வெள்ளைக் கோடாக நிற்கும். அதற்கு அப்பால் காற்று. இந்த ஒலி காற்றுக்குள் போகாது, மோதித் திரும்பிவிடும். அதனால் மூச்சு போகிற வழியை நாங்கள் நேராகப் பார்ப்பதே இல்லை, அதன் சுவரைத்தான் பார்க்கிறோம். தாடை எலும்பு இரண்டு பக்கமும் கறுப்பாக நிழல் போடும், நடுவில் கிடைக்கிற சந்தில்தான் அளக்க வேண்டும்.

தோலிலிருந்து அந்த வெள்ளைக் கோடு வரை எத்தனை சென்டிமீட்டர் என்பது ஒரு அளவு. நாக்குக்குள் இரண்டு பக்கமும் ஓடுகிற ரத்தக் குழாய்களை, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுகிற கலர் டாப்ளரில் பிடித்து, அவற்றின் இடைவெளியை அளப்பது இன்னொன்று. 2009-இல் இஸ்ரேலில் ஒரு குழு அந்த இடைவெளி 30 மில்லிமீட்டரைத் தாண்டினவர்களிடம் அப்னியா கடுமையாக இருப்பதாக எழுதியது. கழுத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரே, அது ஹாங்காங்கில் 2007-இல் வெளியான முறை. கழுத்தின் பெரிய ரத்தக் குழாய்க்கும் மூச்சுப் பாதைக்கும் நடுவில் சதை எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பது. மூக்கையும் வாயையும் மூடி இழுக்கச் சொன்னது, தொண்டை எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்க. ஆக, உங்கள் டாக்டர் செய்தது ஏமாற்று வேலை இல்லை, படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்.

நாக்கில் கொழுப்பு சேரும் என்பதையே பலர் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு குறைந்தவர்களுக்கு நாக்கின் கொழுப்பும் குறைந்தது, அந்த அளவுக்கு அப்னியாவும் குறைந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஏன் அதுவே போதாது? உங்கள் அப்பா அப்போது விழித்திருந்தார். விழித்திருக்கும்போது நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிற தசை வேலை செய்யும். தூங்கினால் அது தளரும், நாக்கு பின்னால் சரியும். ஒல்லியான நாக்கு சரிந்தும் அடைக்கலாம், தடித்த நாக்கு சரியாமலும் இருக்கலாம். வாய்க்காலின் அகலத்தை அளந்துவிட்டு நேற்று ராத்திரி எத்தனை தடவை தண்ணீர் நின்றது என்று சொல்ல முடியுமா? தூக்கப் பரிசோதனை கணக்குப் போடுவது அதைத்தான். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்பதும், வெகுவாகக் குறைவதும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்று எண்ணுவார்கள். 5-க்குக் கீழே என்றால் கவலை இல்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இந்த எண் எந்த அல்ட்ராசவுண்டிலும் வராது. மூளை மூச்சுவிடச் சொல்லவே மறக்கிற இன்னொரு வகை அப்னியா இருக்கிறது. அதில் தொண்டை நன்றாகவே இருக்கும், ஸ்கேன் ஒன்றும் காட்டாது.

அதோடு, புரோபைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் அளவு மாறும், தலையணையை எடுத்தால் மாறும், ஆள் மாறினாலும் மாறும். இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போனால் நோய் என்று உலகம் ஒத்துக்கொண்ட கோடு இன்னும் போடப்படவில்லை. வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சின்னவை, அதுவும் ஏற்கெனவே குறட்டைக்காக டாக்டரைத் தேடி வந்தவர்களிடம் எடுத்தவை.

ஒன்று செய்யுங்கள். தையல் மெஷின் டேப்பால் அப்பாவின் கழுத்தை அளந்து சொல்லுங்கள். உயரம், எடை, பிரஷர் மாத்திரை உண்டா, பகலில் அசந்துபோகிறாரா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, இதையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரி ஃபைல் கையில் இருந்தால் ஆக்சிஜன் அளவும், ரத்த ரிப்போர்ட்டில் பைகார்பனேட் என்று போட்டிருப்பதும் வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்றால், அப்னியா சந்தேகம் என்பதற்காக மட்டும் ஆபரேஷனைத் தள்ளியே தீர வேண்டும் என்று விதி இல்லை. மயக்கவியலையும் தூக்க மருத்துவத்தையும் சேர்த்துப் பார்க்கிற சர்வதேச அமைப்பு 2016-இல் தந்த வழிகாட்டலிலும் அப்படித்தான் இருக்கிறது. உடம்பில் வேறு கோளாறு கட்டுக்குள் இல்லாமலோ, மூச்சிலேயே தகராறு இருந்தாலோதான் தள்ளுவது பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். அதனால் உங்கள் டாக்டர் ஸ்கேனை மட்டும் பார்த்துத் தள்ளியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

சும்மா_ஒரு_சந்தேகம்:

டேப்பே போதும் என்றால் ஸ்கேன் எதற்கு டாக்டர்? இப்போது கைக்கடிகாரமே சொல்கிறதாமே?

மயக்கமருந்துக்காரன்:

நியாயமான கேள்வி, எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. கழுத்துத் தடித்தவருக்கு டேப் போதும். நம் ஊரில் ஒல்லியாக, சின்னத் தாடையோடு வந்து பிரமாதமாகக் குறட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். டேப் அவர்களை விட்டுவிடும், அங்கே ஸ்கேன் ஒருவேளை உதவலாம். இன்னொன்று, தடித்த நாக்கு என்றால் எங்களுக்குத் தொண்டையில் குழாய் இறக்குவதும் சிரமம். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னாரே, அதுவும் அதற்குத்தான். அந்த முறைக்கு மல்லம்பட்டி என்று பெயர். ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் வேலை பார்த்த மயக்கவியல் டாக்டர் 1985-இல் எழுதினது. டார்ச் லைட் ஒன்று போதும், இன்றுவரை உலகமே அதைத்தான் செய்கிறது.

கடிகாரம் பற்றி: சாம்சங், ஆப்பிள் இரண்டுக்கும் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. அதுவும் ‘இருக்கலாம், போய்ப் பாருங்கள்’ என்பதோடு சரி.

ஜெல்_பாட்டில்:

ஸ்கேன் சென்டரில் 14 வருஷமாக இருக்கிறேன். அந்தச் சிங்கப்பூர் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வாங்கி வரச் சொல்லாதீர்கள்.

நம் நாட்டில் அல்ட்ராசவுண்ட் என்பது பிரஷர் பார்க்கிற மெஷின் மாதிரி யாரும் வாங்கி வைத்துக்கொள்கிற பொருள் இல்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைப்பதைத் தடுக்க 1994-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி மெஷின் எந்த இடத்தில் இருக்கிறது, யார் இயக்குகிறார்கள், எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாதவருக்கு விற்பதே குற்றம். கையில் எடுத்துப் போகிற மெஷினுக்கு 2012-இல் இன்னும் இறுக்கினார்கள். பதிவான ஆஸ்பத்திரிக்குள் படுத்திருக்கிற நோயாளிக்கு எடுக்கலாம், இல்லையென்றால் நடமாடும் மருத்துவ வண்டியில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். நீ பார்ப்பது தொண்டையா வயிறா என்று சட்டம் கேட்காது. எங்கள் சென்டரில் ஒரு புரோப் பழுதாகி மாற்றியதற்கே நான் எழுதின கடிதங்களை அடுக்கினால் ஒரு தலையணை தேறும்.

தொழிலாக ஒரு வார்த்தை: கருவி அருமையானதுதான். பழைய புரோபுக்குள் படிகங்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பட்டர்ஃப்ளை என்கிற கம்பெனி அதற்குப் பதில் ஒரே சிலிக்கான் சில்லில் சுமார் 9,000 நுண்ணிய அதிர்விகளைப் பதித்து, 2017-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. விலை மளமளவென்று இறங்கியது அதனால்தான். ஆனால் படம் தெரிவது வேறு, படத்தைப் படிப்பது வேறு. தூங்குகிறவர் தாடையில் ஜில்லென்று ஜெல்லை வைத்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எந்தத் தூக்கத்தைப் பார்ப்பீர்கள்?

நாமக்கல்_லாரி:

ஸ்கேன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது தங்கச்சி. எனக்கு ஸ்கேன் எடுக்கவும் இல்லை. ஆனால் அந்தத் தூக்க டெஸ்டை எடுத்தவன் நான், அதனால் பயப்படாமல் எடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் விடிகாலை, கிருஷ்ணகிரி தாண்டி டோல்கேட் க்யூவில் நிற்கும்போது தூங்கிவிட்டேன். நின்ற வண்டியில்தான், பிழைத்தேன். கிளீனர் பையன் உலுக்கி எழுப்பி, “அண்ணே, மூச்சே வரலண்ணே உனக்கு” என்று அழுதான். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டாம், வீட்டுக்கே ஒரு பையன் பெட்டியோடு வந்தான். மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் கிளிப். மூன்றும் ஒரு சின்ன டப்பாவில் போய்ச் சேரும். இதையெல்லாம் மாட்டிக்கொண்டு எவன் தூங்குவான் என்று நினைத்தேன். படுத்த பத்தாவது நிமிஷம் குறட்டை ஆரம்பித்ததாம், வீட்டுக்காரி சொன்னாள். மறுநாள் ரிப்போர்ட்டில் மணிக்கு 38.

இப்போது நான்கு வருஷமாக சிபேப் மாஸ்க். தூங்கும்போது ஒரு மெஷின் அதன் வழியாகக் காற்றை ஊதித் தொண்டை மூடிக்கொள்ளாமல் வைத்திருக்கும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பழைய மொபெட் வாங்கலாம், அதையும் மறைக்கவில்லை. முதல் வாரம் யாரோ முகத்தில் ஃபேனை வைத்து ஊதுகிற மாதிரி இருந்தது, இரண்டு தடவை தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்திருக்கிறேன். மூன்றாவது வாரம் காலையில் எழுந்ததும் தலைவலி இல்லை. தலைவலி இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று, அது கூடப்பிறந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அப்பா பஸ் ஓட்டினவர் என்று படித்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது.

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மாமா பையனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். (சாக்லேட் மட்டும் வாங்கி வா என்றேன்.)

டாக்டர் கேட்டவை: கழுத்து 43 செ.மீ. அம்மாவின் டேப்பில் அளந்தேன். சட்டைக் காலரின் மேல் பட்டனை அப்பா போட்டு நான் பார்த்ததே இல்லை, அது ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். உயரம் 168, எடை 84. பிரஷருக்கு ஏழு வருஷமாக மாத்திரை. பகலில், டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே தூங்குவார், டீ சிந்தாது. அதைக் காட்டி நாங்கள் சிரிப்போம். மூச்சு நிற்கிறதா என்று அம்மாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நடுவில சத்தம் நின்னுடும். அப்ப எனக்கும் முழிப்பு வந்துடும். திரும்பக் குறட்டை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு கிடப்பேன்” என்றாள். பத்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஃபைலில் இருப்பது: பிரஷர் 178/104. ஆக்சிஜன் 92. பைகார்பனேட் 31.

மயக்கமருந்துக்காரன்:

இப்போது புரிகிறது. நான் கேட்டது ஒரு எட்டுக் கேள்விப் பட்டியல், ஸ்டாப்-பேங் என்பார்கள். டொராண்டோவில் மயக்கவியல் டாக்டர் ஃபிரான்சிஸ் சுங் 2008-இல் தந்தது. குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதைப் பார்த்த சாட்சி, பிரஷர், 50 தாண்டின வயது, 40 செ.மீ. தாண்டின கழுத்து, ஆண் என்று ஏழுக்கு அப்பா ‘ஆம்’. உடல் பருமன் கேள்வி ஒன்றில் மட்டும் தப்பிக்கிறார். ஐந்து வந்தாலே ஆபத்து அதிகம் என்று கணக்கு. ஸ்கேனே எடுக்காவிட்டாலும் நான் இதே முடிவுக்கு வந்திருப்பேன். ஸ்கேன் அதை உறுதிசெய்தது, அவ்வளவுதான்.

தள்ளிப்போட்டதற்குக் காரணம் தொண்டை இல்லை என்று நினைக்கிறேன். விழித்திருக்கும்போதே ஆக்சிஜன் 92, பைகார்பனேட் 28-ஐத் தாண்டி 31. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகாமல் ரத்தத்தில் தேங்குகிறதோ என்று சந்தேகம் வரும். அதற்கு மேல் அந்த பிரஷர். இந்த நிலையில் ஆபரேஷன் செய்து, வலிக்கு மார்ஃபின் வகை மருந்து கொடுத்து, ராத்திரி சாதாரண வார்டில் படுக்க வைத்தால் மூச்சு நிற்பது கூடும், எழுப்பிவிடுகிற மூளையும் மந்தமாகிவிடும். நானாக இருந்தாலும் தள்ளித்தான் போட்டிருப்பேன். நுரையீரல் டாக்டரிடம் இந்த மூன்று எண்களையும் முதலில் காட்டுங்கள், ஸ்கேன் படத்தைக் கடைசியில் காட்டினால் போதும். முதுகில் ஊசி போட்டே செய்ய முடியுமா, ஆபரேஷன் முடிந்த ராத்திரி ஆக்சிஜன் மானிட்டரோடு வைத்திருப்பார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் கேட்டீர்களே, அதை நாங்கள் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். கேட்பதில்லை.

அமராவதிக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டெஸ்ட் முடிந்தது. மணிக்கு 44, ஆக்சிஜன் குறைந்தபட்சம் 71. அந்த 71-ஐப் பார்த்ததும் சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. சிபேப் மெஷின் வந்துவிட்டது, அதைக் கொண்டுபோகாமல் அட்மிட் ஆக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரஷர் இறங்கினால் அடுத்த மாதம் ஆபரேஷன், முதுகு ஊசியில்.

புதுப் பிரச்சினை மீசை. அப்பாவுக்குப் பெரிய மீசை, மாஸ்க் அதன் மேல் உட்காராமல் ஓரமாகக் காற்று புஸ்ஸென்று போகிறது. மெஷின் கொண்டு வந்த பையன் மீசையை எடுக்கச் சொன்னான். காலை வேண்டுமானால் எடுத்துக்கொள், மீசையைத் தொடாதே என்கிறார் அப்பா. மீசையோடு மாஸ்க் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நாமக்கல்_லாரி:

நான் இருக்கிறேன். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்கார்கிற மாதிரி சின்ன ரப்பர் முனை வைத்த மாடல் ஒன்று உண்டு, நேசல் பில்லோ என்று கேளுங்கள். மீசை மேல் அதற்கு வேலையே இல்லை. வாயைத் திறந்து தூங்குகிறவர் என்றால் சரிப்படாது, அதை மட்டும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று சைஸ் வரும், நடு சைஸில் ஆரம்பியுங்கள்.